ஒத்தையில பொத்தை ஏறுதவங்களுக்கு: எங்கன சிக்குனா என்ன பாக்கணும்

எங்க திருநெல்வேலிப் பக்கம் மலைன்னா அது மேக்க சுவர் மாதிரி நிக்குற பெரிய மலை, மத்ததெல்லாம் பொத்தை, அதாவது சின்னச் சின்னக் குன்று. சேரன்மாதேவி, முன்னீர்பள்ளம், மறுகால்தலை, பணகுடி போற வழின்னு வயக்காட்டுக்கும் குளத்துக்கும் நடுவுல மொட்டைப் பாறையும் உடைமுள்ளுமா நிக்கும்ல, அதுதான். தடம்னு ஒண்ணு இருக்காது, ஆடு போன வழி இருக்கும், அதுவும் பாதியில காணாமப் போயிரும். புரட்டாசி கடைசியில இருந்து கார்த்திகை வரைக்கும் ஞாயித்துக்கெழம ஆனா நான் ஏதாவது ஒரு பொத்தையில ஒத்தையில கெடப்பேன், 12 வருசமா இதான் பழக்கம். இத்தன வருசத்துல சிக்குன விதம்னு பாத்தா பத்துப் பன்னெண்டுதான், திரும்பத் திரும்ப அதேதான் வருது, எனக்கும் சரி, "அண்ணாச்சி இங்கன நிக்கேன், என்ன செய்யட்டும்"னு போன் போடுற தம்பிமாருக்கும் சரி. அதான் கோளாறு வாரியா எழுதி வைக்கேன்.

இது பொத்தைக்கு மட்டும். மேக்க இருக்குற பெரிய மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்க வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கவே கூடாது, ஒத்தையில போறதுங்கற பேச்சே கெடையாது. 2018 மார்ச்ல தேனி குரங்கணி காட்டுத்தீயில அத்தன பேர் போனதுக்கு அப்புறம் மலையேத்தத்துக்கே தனி விதி போட்டுட்டாங்க. வல்லநாட்டு மலை வெளிமான் சரணாலயம், அதுவும் வேண்டாம். சின்னப் பொத்தையா இருந்தாலும் அது காப்புக்காடா ஊர்ப் பொறம்போக்கான்னு அடிவாரத்து டீக்கடையில கேட்டுக்கிடுங்க, அப்படியே "சாயங்காலம் 5 மணிக்குள்ள எறங்கிருவேன், வண்டி இங்கனதான் நிக்கும்"னு சொல்லிட்டும் போங்க. அந்த ஒரு வார்த்தைக்கு வெல கெடையாது, கீழ வர வேண்டிய கோளாறுல பாதிக்கு அதான் கடைசி மருந்து.

எந்தக் கோளாறா இருந்தாலும் மொதக் காரியம், உக்காருங்க. 5 நிமிசம். தண்ணி குடிங்க. நான் சிக்குன எல்லா தடவையும் கோளாறு சின்னதுதான், அதுக்கப்புறம் நிக்காம நடந்த கால் மணி நேரந்தான் அதப் பெருசாக்கிருக்கு.

ஆட்டுத்தடம் முடிஞ்சு போச்சு, எங்கன நிக்கோம்னு தெரியல

மொதல்ல திரும்பிப் பாருங்க. ஏறும்போது பாத்த பாறை எறங்கும்போது வேற முகம் காட்டும், அதனால வழி தப்பாமலே தப்பிட்ட மாதிரி தோணும். கடைசியா நிச்சயமாத் தெரிஞ்ச எடம் எது, ஒத்தப்பனையா, சுனையா, மஞ்சத்துணி சுத்துன சாமிக்கல்லா, அது 10 நிமிச தூரத்துக்குள்ள இருந்தா அங்கனயே திரும்பிப் போங்க. குறுக்கால போயி புடிச்சிரலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, குறுக்கால உடங்காடு இருக்கும், உடங்காட்டுக்குள்ள 50 அடி போக அரை மணி நேரம் ஆகும்.

தெரிஞ்ச எடம் கண்ணுக்குச் சிக்கலன்னா திசை பாக்கணும். நம்ம ஊர்ல இது லேசு, மேக்க மலை நிக்குது. மழை மறச்சிருந்தா பணகுடி, வள்ளியூர் பக்கம் காத்தாலை தெரியும், தாமிரபரணிப் பக்கம் வாழையும் நெல்லும் பச்சையா ஒரு பட்டை போட்ட மாதிரி கெடக்கும், ஐப்பசியில குளம் பெருகியிருந்தா வெயிலுக்கு மின்னும், கோயில் ஸ்பீக்கர் சத்தம் வேற கேக்கும். ஆனா இதெல்லாம் ஒதவணும்னா, காலைல வண்டிய நிறுத்தும்போதே "வண்டி பொத்தைக்குக் கெழக்க, குளம் தெக்க"ன்னு வாய்விட்டு ஒரு தடவ சொல்லிக்கிடணும், மனசுக்குள்ள நெனச்சா மறந்துரும்.

அதுக்கப்புறந்தான் போன். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் சிக்னல் வேண்டாம், மேப்ப வீட்லயே ஆஃப்லைன்ல எறக்கி வச்சிருந்தாப் போதும். பாறைக்கு ஒட்டி நின்னா நீலப் புள்ளி அங்கயும் இங்கயும் தாவும், வானம் நல்லாத் தெரியுற எடத்துக்கு வந்து ரெண்டு மூணு நிமிசம் பொறுத்துப் பாருங்க.

ஓடையப் புடிச்சுக் கீழ போனா ஊரு வந்துரும்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் வரும். பொத்தையில அது ஆகாது. ஓடை நேரா ஒரு வழுக்குப் பாறை வெளிம்புல போயி நிக்கும், அங்க இருந்து கீழயும் போக முடியாது, மேலயும் வர முடியாது. தண்ணிக்கு விழத் தெரியும், நமக்குத் தெரியாது. மேட்டப் புடிச்சே எறங்குங்க.

வெளிச்சம் போக ரெண்டு மணி நேரத்துக்கும் கொறவாத்தான் இருக்கு, இன்னும் திசையே புடிபடலன்னா அப்பவே ஆளக் கூப்பிட்டுருங்க, பேட்டரி 5 சதவீதம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. மொதல்ல அடிவாரத்து ஊர் ஆளு, ஏன்னா ஆடு மேய்க்கிறவருக்கு அந்தப் பொத்தையில ஒவ்வொரு கல்லும் தெரியும். அப்புறம் அவசர உதவி நம்பர் 112. மேப்ல புள்ளிய அமுக்குனா வர்ற அட்சரேகை தீர்க்கரேகை நம்பர எஸ்எம்எஸ்ல அனுப்புங்க, பேச முடியாத சிக்னல்லயும் எஸ்எம்எஸ் போயிரும்.

ஏறிட்டேன், எறங்க வரல

அதிகம் போன் வர்றது இதுக்குத்தான். ஒரு ஐப்பசி மாசம் சேரன்மாதேவிக்குத் தெக்க ஒரு பொத்தையில நானே மூணு மணி நேரம் ஒரு பாறை மேல உக்காந்திருந்தேன், கீழ ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவரு அங்க இருந்தே சத்தம் குடுத்தாரு, "தம்பி, ஏறும்போது கையும் கண்ணும் முன்னால போவு, எறங்கும்போது காலுதான் முன்னால போவு, காலுக்குக் கண்ணு கெடையாதுல்லா, பைய வாங்க, அவசரம் ஒண்ணுமில்ல"ன்னு. அன்னைக்கு அவரு சொன்ன வரிசையிலதான் இன்னைக்கு வரைக்கும் பாக்கேன்.

நீங்க நிக்குற விதத்தப் பாருங்க. முக்காவாசி ஆளு முதுகு பாறைக்கு, முகம் வெளிய, அப்படியே சறுக்கி எறங்கப் பாப்பாங்க. திரும்புங்க. முகம் பாறையப் பாக்கட்டும், ஏணியில எறங்குற மாதிரி. பாதி தடவ இதுலயே முடிஞ்சிரும்.

இல்லையா, முதுகுப் பைதான் தள்ளும். தண்ணி பாட்டிலும் சாப்பாடும் சேந்து அஞ்சாறு கிலோ, குனிஞ்சா தலைக்கு மேல வந்து விழும். வார இறுக்குங்க, இல்லன்னா கயிறோ துண்டோ இருந்தா பைய மொதல்ல எறக்கிருங்க. தூக்கி வீச வேண்டாம், போனும் தண்ணியும் அதுலதான் இருக்கு.

அடுத்தது ஷூ அடி. செம்மண்ணு ஒட்டியிருந்தா எவ்வளவு நல்ல ஷூவும் வழுக்கும், துண்ட வச்சு நல்லா தொடைங்க. வெறுங்கால்ல எறங்குனா புடி நல்லாருக்கும்னு சொல்லுவாங்க, காஞ்ச பாறையில அது நெசந்தான், ஆனா 11 மணிக்கு மேல பாறை சுடுத சூட்டுல காலு கொப்புளிச்சிரும்.

அதுவும் இல்லன்னா பாறையே ஈரம். பாறையில மேல இருந்து கீழ கறுப்புக் கறுப்பா வரி ஓடியிருக்கும் பாருங்க, அது மழைத்தண்ணி ஓடுற தடம், காஞ்சிருந்தா ஒண்ணும் பண்ணாது, நனைஞ்சா சோப்பு மாதிரி. தூறல் நின்னு வெயில் அடிச்சா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல சாம்பல் நெறப் பாறை காஞ்சிரும், கறுப்பு வரி கடைசியாத்தான் காயும். காத்திருக்குறதுல ஒரு அவமானமும் இல்ல, நான் மூணு மணி நேரம் உக்காந்தது இதுக்குத்தான்.

காஞ்ச பாறையிலயும் வரலன்னா வழியே அது இல்ல, எடத்து வலத்து போயிப் பாக்கணும். இங்கன ஒரு கட்டுப்பாடு வச்சுக்கிடுங்க, ஒரு ஆள் ஒசரம் எறங்குனா அதே எடத்துக்குத் திரும்ப ஏற முடியுமான்னு மொதல்ல பாருங்க, முடியாதுன்னா அந்த அடிய வைக்காதீங்க. புல்லப் புடிச்சு எறங்காதீங்க, பொத்தைப் பாறையில புல்லு நிக்குற மண்ணு ரெண்டு வெரக்கட கூட இருக்காது, கொத்தோட வந்துரும். கள்ளிய ஒடிக்காதீங்க, அந்தப் பாலு கண்ணுல பட்டா பார்வைக்கே கேடு. குதிக்கவே குதிக்காதீங்க.

முழங்கால் தையல் மிஷின் மாதிரி தானா ஆட ஆரம்பிச்சிட்டா நிறுத்திருங்க. அது பயமில்ல, தசை ஓஞ்சு போச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல முயற்சி பண்ணா விழத்தான் செய்வீங்க. அகலமான எடத்துல உக்காந்து 112, இல்லன்னா தீயணைப்பு 101. கெணத்துல விழுந்த மாட்டத் தூக்குறதுல இருந்து எல்லா மீட்பு வேலையும் அவங்கதான் பாக்காங்க, கயிறு வச்சிருப்பாங்க, திட்ட மாட்டாங்க.

இடி கேக்குது

புரட்டாசியில பொன்னுருகக் காயும் மண்ணுருகப் பெய்யும்னு சும்மாவா சொன்னாங்க, காலைல மண்டைய பொளக்குற வெயில் அடிக்கும், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கறுத்துக்கிட்டு வரும். மின்னல் தெரிஞ்சதுல இருந்து சத்தம் கேக்குற வரைக்கும் எண்ணுங்க, 3 எண்ணுனா ஒரு கிலோமீட்டர்னு வச்சுக்கிடலாம். 30க்குள்ள சத்தம் வந்துட்டா உச்சியில இருக்காதீங்க. உச்சியில தனியா நிக்குற பனை, கொடிக்கம்பம், சின்ன மண்டபம் எதுக்கும் கீழ ஒதுங்க வேண்டாம். பாறை இடுக்கு வாசல்லயும் உக்காராதீங்க, மின்னல் பாறை மேல ஓடி வந்து அந்த வாசல்லதான் தாவும். மேட்ட விட்டு பாதிக்குக் கீழ எறங்கி, ஒசரம் கொறஞ்ச புதரு நெறைய இருக்குற எடமாப் பாத்து காலச் சேத்துக் குத்தவச்சு உக்காருங்க. கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழிச்சு எந்திரிங்க.

போகும்போது இல்லாத தண்ணி ஓடையில ஓடுது

பொத்தையில பெஞ்ச மழைன்னா சீக்கிரம் வத்திரும், ரெண்டு மூணு மணி நேரம் உக்காந்தாப் போதும். ஒரு குச்சிய கரையில நட்டு வைங்க, அரை மணி நேரத்துல தண்ணி குச்சிய விட்டு எறங்குதா ஏறுதான்னு பாத்தாத் தெரிஞ்சிரும். மேற்கு மலையில இருந்து வர்ற ஓடையா இருந்தா கதையே வேற, உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும், மேல மலையில கொட்டிருக்கும். தண்ணி செவப்பாக் கலங்குறது, சருகும் சுள்ளியும் மெதந்து வர்றது, தூரத்துல லாரி வர்ற மாதிரி ஒரு எரைச்சல், இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் கரைய விட்டு மேல ஏறிருங்க. முழங்காலுக்கு மேல இழுவை இருந்தா கடக்காதீங்க, சுத்திப் போங்க, 8 கிலோமீட்டர் சுத்துனாலும் சரி. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சதையும் தாமிரபரணி ஊருக்குள்ள வந்ததையும் பாத்த ஜனம் நாம, நம்ம ஊர்த் தண்ணி எவ்வளவு வெரசா வரும்னு புதுசாச் சொல்ல வேண்டியதில்ல.

தலை சுத்துது, கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குது

மழைக்காலந்தானேன்னு ஒரு லிட்டர் தண்ணியோட ஏறுறதுதான் காரணம், வேற ஒண்ணும் தேட வேண்டாம். நெழல்ல உக்காருங்க, தொப்பியக் கழட்டி தலையில கொஞ்சம் தண்ணி விடுங்க. வெறுந்தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சா இழுப்பு நிக்காது, உப்பு வேணும். ஓஆர்எஸ் பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணிக்கு, பாதித் தண்ணியில முழுசாக் கொட்டாதீங்க. நான் எங்க ஆச்சி கொண்டுபோன மாதிரி நீச்சத்தண்ணியில உப்புப் போட்டு ஒரு பாட்டில் தனியா கொண்டு போவேன், ரெண்டு சின்ன வெங்காயத்தோட. சுனைத் தண்ணி பாக்கத் தெளிவா இருக்கும், ஆடு மாடு எறங்குன எடம், வேற வழியே இல்லன்னாத் தவிர குடிக்க வேண்டாம்.

ஒண்ணுக்கு வர்ற நெறம் பாருங்க, கடுங்காப்பி நெறத்துல வந்தா அன்னைக்கு நடை முடிஞ்சது, எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகணும். உடம்பு கொதிக்கி, பேச்சு கொழறுது, கால் வைக்குற எடம் தப்புது, இதுல எது வந்தாலும் நடக்கவே வேண்டாம், 108.

கால் பெரண்டுருச்சு

ஷூவக் கழட்டாதீங்க, கழட்டுனா வீங்குன காலு திரும்ப உள்ள போகாது. கயித்த மட்டும் தளத்திட்டு 10 நிமிசம் கால ஒசத்தி வைங்க. அப்புறம் எந்திரிச்சு நாலு எட்டு வச்சுப் பாருங்க. நாலு எட்டு நொண்டியாவது வைக்க முடியுதுன்னா பெரும்பாலும் சுளுக்குதான், கம்ப ஊனிக்கிட்டு பைய எறங்கிரலாம். நாலு எட்டு வைக்க முடியல, இல்ல கணுக்கால் முட்டு எலும்பு மேல வெரல வச்சா உசிரு போகுதுன்னா எலும்புல பட்டிருக்கலாம், எக்ஸ்ரே வேணும், ஆளக் கூப்பிட்டுருங்க. ஒத்தையில இருக்குறப்ப "இன்னும் கொஞ்ச தூரந்தானே"ன்னு இழுத்துக்கிட்டு வந்து ஒரு மாசக் கட்ட மூணு மாசக் கட்டா ஆக்குன ஆள எனக்குத் தெரியும். நீவி விட்டு எண்ணெய் போடுறதெல்லாம் எக்ஸ்ரே பாத்ததுக்கு அப்புறம்.

ஷூ அடி பிஞ்சு தொங்குது, முள்ளு ஏறிட்டு

ரெண்டு வருசம் பரணுல கெடந்த ஷூவப் போட்டுக்கிட்டு போனாத்தான் இது நடக்கும், பழைய ஷூவோட நடு சோல் சும்மா கெடந்தே பொடிஞ்சு போகும், மேல பாக்கப் புதுசு மாதிரிதான் இருக்கும். வீட்லயே பெருவெரலால அமுக்கிப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா அதோட போகாதீங்க. மேல போயிப் பிஞ்சுட்டா நைலான் கயிற மூணு சுத்து சுத்தி, முடிச்ச மேல் பக்கமா வச்சுக் கட்டி எறங்குங்க. பசை எல்லாம் நிக்காது.

சீமைக்கருவேல முள்ளு செருப்பையும் துளைக்கும், ஷூ அடியையும் துளைக்கும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா நேரா இழுங்க, சாய்ச்சா ஒடிஞ்சிரும். உள்ள ஒடிஞ்சா பின்னூசிய வச்சுக் காட்டுல கிண்ட வேண்டாம், கழுவிக் கட்டிட்டு எறங்கிருங்க. எருக்கம்பால் வச்சா முள்ளு வெளிய வரும்பாங்க, நான் வைக்க மாட்டேன், அந்தக் கையி தவறிக் கண்ணுல பட்டாப் பெரிய கேடு. நாலஞ்சு நாள் கழிச்சும் வீக்கம் எறங்கலன்னாலோ மூட்டுக்குப் பக்கத்துல ஏறிருந்தாலோ டாக்டர்ட்ட காட்டணும், டெட்டனஸ் ஊசி எப்பப் போட்டீங்கன்னு கேப்பாங்க, ஞாபகம் வச்சுக்கிடுங்க.

பாம்பு கடிச்சிட்டு

இதுல வரிசையா பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, மொத நிமிசமே 108. என்ன பாம்புன்னு தேடிப் போகாதீங்க, சுருட்டை விரியன், கண்ணாடி விரியன், நல்ல பாம்பு, கட்டு விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான், அது அரசு ஆஸ்பத்திரியில இருக்கும். மோதிரம், வாட்ச், கொலுசு கழட்டிருங்க, வீங்குனா அறுத்துத்தான் எடுக்கணும். கடிச்ச கை கால ஒடிஞ்ச எலும்புக்கு வைக்குற மாதிரி ஒரு கம்ப வச்சு அசையாம கட்டுங்க, ரத்தம் நிக்குற அளவுக்கு இறுக்காதீங்க, கீறாதீங்க, உறியாதீங்க. மணிய போன்ல குறிச்சு வைங்க. சிக்னலும் இல்ல, சத்தம் குடுத்தும் ஆள் வரலன்னா மட்டும் நடங்க, ஓடாம, நின்னு நின்னு, ஆளு இருக்குற திசையில. கட்டு விரியன் கடிச்சா வலியே இருக்காது, அதனால வலி இல்லையேன்னு வீட்டுக்குப் போயிறாதீங்க. பச்சிலை, மந்திரம்னு போன ஒவ்வொரு மணி நேரமும் கடன், அந்தக் கடன அடைக்க முடியாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு ரொம்ப தூரம்னா பக்கத்துல இருக்குற தாலுகா ஆஸ்பத்திரிக்கு மொதல்ல போங்க.

கதண்டு (பெரிய குளவி), மலைத்தேனி

பாறைத் தொங்கல்ல பலாப்பழம் மாதிரி தேனடை தெரிஞ்சா அந்தப் பக்கமே போக வேண்டாம், செண்டு அடிச்சுக்கிட்டும் போகாதீங்க. கொட்ட ஆரம்பிச்சிட்டா கைய வீசாம துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு விலகி ஓடுங்க, ஆனா வெளிம்பு எங்கன இருக்குன்னு பாத்து ஓடுங்க. நாலஞ்சு கொட்டுன்னா வலி மட்டுந்தான். ஒதடு தடிக்குது, மூச்சு இழுக்குது, உடம்பெல்லாம் தடிப்புன்னா ஒரே ஒரு கொட்டா இருந்தாலும் 108.

புத்து புதுசாத் தோண்டிக் கெடக்கு

கடையம், பாபநாசம், களக்காட்டு அடிவாரப் பொத்தைன்னா கரடியா இருக்கலாம், கறையானுக்குத் தோண்டும். மண்ணு இன்னும் ஈரமா இருந்தா வந்த வழியே சத்தம் குடுத்துக்கிட்டே திரும்பிருங்க. அன்னைக்கு ஏற வேண்டாம்.

இருட்டிட்டு, இன்னும் எறங்கல

ஐப்பசியில 6 மணிக்கு முன்னப்பின்ன சூரியன் விழுந்துரும், பாபநாசம், களக்காடு பக்கம்னா மேக்க மலை மறைக்கறதால அதுக்கும் முந்தியே வெளிச்சம் போயிரும், போனா பொசுக்குன்னு போகும், அரை மணி நேரம் கூடக் கெடைக்காது. கையில தனி டார்ச்சு இருக்கு, கீழ வரைக்கும் மண்ணும் கல்லுந்தான்னா பைய எறங்குங்க. நடுவுல பாறைச் சரிவு இருக்குன்னா எறங்காதீங்க, டார்ச் வெளிச்சத்துல பள்ளமும் நெழலும் ஒரே மாதிரித் தெரியும். காத்து அடிக்காத, ஓடை இல்லாத எடமாப் பாத்து, பைய முதுகுக்கு அடியில போட்டு விடியுற வரைக்கும் இருங்க, தரைய டார்ச் அடிச்சுப் பாத்துட்டு உக்காருங்க. வீட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ், "நல்லா இருக்கேன், காலைல எறங்குதேன், இன்ன எடம்". மழையில நனைஞ்சு நடுக்கம் வந்துட்டுன்னா அப்ப மட்டும் விடியக் காத்திருக்காம 112. மறுகால்தலை மாதிரி எடத்துல சமணர் படுக்கைக்குள்ள ஒதுங்க நேர்ந்தா அங்க தீ மூட்டாதீங்க, அந்தப் பாறையில ரெண்டாயிரம் வருசமா இருக்குற எழுத்து இருக்கு, பொகை புடிச்சாப் போச்சு.

எறங்கி ஒரு வாரம் ஆச்சு, இப்பக் காய்ச்சல்

இதப் பொத்தையோட யாரும் சேத்துப் பாக்க மாட்டாங்க. சாதாரணக் காய்ச்சலா இருக்கலாம், டெங்கு சீசன் வேற. ஆனா போன ரெண்டு வாரத்துக்குள்ள புல்லு, புதருக்குள்ள நடந்திருந்தீங்கன்னா உடம்பு முழுசும் பாருங்க, அக்குள், இடுப்பு வார் பதியுற எடம், தொடை இடுக்கு. பீடி நெருப்பு சுட்ட மாதிரி கறுப்பா ஒரு பொருக்கு, வலிக்காது, அரிக்காது, அதனால பாதிப் பேருக்கு அது இருக்குறதே தெரியாது. அப்படி ஒண்ணு இருந்தா ஸ்க்ரப் டைஃபஸா இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உண்ணிப் பூச்சி கடிக்கறதால வருது, மழை முடிஞ்ச குளிர் மாசத்துலதான் அதிகம். மாத்திரை வெல கொறவுதான், சீக்கிரம் ஆரம்பிச்சா ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் எறங்கிரும், விட்டுட்டா நுரையீரல், கிட்னி வரைக்கும் போயிரும். பொருக்கு இல்லன்னாலும் காய்ச்சல் மூணு நாளத் தாண்டுனா போங்க. டாக்டர் கேக்கட்டும்னு இருக்காம நீங்களே சொல்லுங்க, "இன்ன தேதியில முள்ளுக்காட்டுக்குள்ள நடந்தேன், இந்தா இங்கன இப்படி ஒரு தடம் இருக்கு"ன்னு.